பள்ளியின் ரிசர்வ் நிதி தீர்ந்துவிட்டதாம்; என் மகன் ஜூலை வரை காத்திருக்க வேண்டுமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சிறிய ஊரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம். சில சொற்கள் பேசுவான். மற்றதை ஐபேடில் படங்களைத் தொட்டுச் சொல்வான். இரண்டு ஆண்டுகளாக ஊர்ப் பள்ளியின் தனி வகுப்பில் படிக்கிறான். அவனுடைய ஐஇபியில், அதாவது அவனுக்கென்று பள்ளி எழுதித் தரும் கல்வித் திட்டத்தில், போன வருட இலக்குகளே இந்த வருடமும் அப்படியே இருக்கின்றன. இலையுதிர் காலத்திலிருந்து கையைக் கடித்துக்கொள்கிறான், வகுப்பை விட்டு ஓடுகிறான். பெற்றோர் சொந்தச் செலவில் ஒரு நரம்பியல் உளவியலாளரிடம் மதிப்பீடு செய்தார்கள். ஆட்டிசப் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் தனியார் பகல் பள்ளி ஒன்று இவனுக்கு வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சம் டாலருக்கு மேல்.

அந்த அறிக்கையோடு டீம் மீட்டிங் நடந்தது. "நடு வருஷத்தில் எதிர்பாராமல் மூன்று பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பட்ஜெட்டில் வெளிப்பள்ளிக் கட்டணத் தலைப்பு காலி. ரிசர்வ் நிதியையும் துடைத்தாயிற்று. ஜூலையில் புது பட்ஜெட் வரட்டும், பேசலாம்" என்றாராம் சிறப்புக் கல்வி இயக்குநர். பிறகு வந்த ஐஇபியில் அதே வகுப்பு. வாரம் ஒரு மணி நேரம் பேச்சுப் பயிற்சி மட்டும் கூடுதல். கையெழுத்து இன்னும் போடவில்லை. இதற்கிடையில், மே மாத டவுன் மீட்டிங்கில், அதாவது ஊர் வாக்காளர்கள் கூடி ஓட்டுப் போடும் கூட்டத்தில், அந்த ரிசர்வ் நிதிக்குப் பணம் போட ஒரு தீர்மானம் வருகிறது. ஊர் ஃபேஸ்புக் குழுவில் யாரோ, "ஒரு பிள்ளைக்கு இரண்டு டீச்சர் சம்பளம் போகிறது" என்று எழுதியிருக்கிறார்.

"அது என் பிள்ளையைத்தான் சொல்கிறதோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை" என்கிறார் இந்தத் தாய். கணவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். 'இலவசமாகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு சும்மா இருப்போம்' என்பது அவர் கருத்து. கூட்டத்தை ஃபோனில் ரகசியமாகப் பதிவு செய்யாமல் விட்டோமே என்ற வருத்தமும் அவருக்கு உண்டாம். இவருடைய கேள்விகள் நான்கு: ரிசர்வ் நிதிக்கு எப்படி விண்ணப்பிப்பது? ஜூலை வரை காத்திருக்கலாமா? நாங்கள் கேட்டால் மற்றப் பிள்ளைகளின் பங்கு குறைந்துவிடுமா? பணக்கார ஊருக்குக் குடிபோய்விடலாமா?

அன்புள்ள சகோதரி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரகசியமாகப் பதிவு செய்யாமல் விட்டதற்கு உங்கள் கணவர் நிம்மதிப்படட்டும். எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் உரையாடலைப் பதிவு செய்வது மாசசூசெட்ஸில் குற்றம். அடுத்த கூட்டத்தைப் பதிவு செய்ய விரும்பினால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டு, மேசை மேல் ஃபோனை வைத்துச் செய்யுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம், செலவு பள்ளியுடையது. "எங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே" என்று தயங்காதீர்கள். அலுவலகத்தில் பேசும் ஆங்கிலம் வேறு. பிள்ளையைப் பற்றிப் பேசும்போது தொண்டை அடைத்துக்கொண்டு வரும் ஆங்கிலம் வேறு.

ரிசர்வ் நிதி யாருடைய பெட்டி

நீங்கள் அதை ஒரு காப்பீடு போலப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்: விண்ணப்பம் போட்டால், வரிசைப்படி பார்த்து, இருந்தால் கொடுப்பார்கள், தீர்ந்தால் அடுத்த வருடம். அப்படியில்லை. அந்தப் பெட்டிக்கு எந்தப் பெற்றோரும் விண்ணப்பிக்க முடியாது, விண்ணப்பிக்கத் தேவையும் இல்லை. அது பள்ளி நிர்வாகம் தனக்காக வாங்கி வைத்துக்கொள்ளும் குடை.

2016-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய நகராட்சி நவீனமயச் சட்டத்தில் இந்த நிதிக்கு வழி பிறந்தது. சிறப்புக் கல்வி, வெளிப்பள்ளிக் கட்டணம், அங்கே போய்வரும் வண்டிச் செலவு ஆகியவற்றில் பட்ஜெட்டில் எதிர்பார்க்காத தொகை வந்து விழுந்தால் எடுத்துக் கொடுப்பதற்கு இது. பள்ளிகளுக்கென்று ஊர் தேர்ந்தெடுக்கும் ஸ்கூல் கமிட்டியும் டவுன் மீட்டிங்கும் தனித்தனியே ஓட்டுப் போட்டால்தான் ஓர் ஊர் இதை ஏற்படுத்தலாம். நிதியில் இருக்கும் தொகை, அந்த ஊர் பள்ளிக் கல்விக்கு ஆண்டுதோறும் செலவிடுவதாக மாநிலம் கணக்கிடும் தொகையில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆறு கோடி டாலர் செலவிடும் ஊர் என்றால் அதிகபட்சம் பன்னிரண்டு லட்சம். எடுக்க வேண்டுமானாலும் ஸ்கூல் கமிட்டி ஒரு ஓட்டு, ஊர் நிர்வாகக் குழுவான செலக்ட் போர்டு ஒரு ஓட்டு.

கடைசி விதியைக் கவனியுங்கள். உங்களிடம் "துடைத்தாயிற்று" என்று சொன்ன இயக்குநருக்கு அந்தப் பெட்டியின் சாவியே கிடையாது. எடுத்திருந்தால் இரண்டு பொதுக் கூட்டங்களில் ஓட்டெடுப்பு நடந்திருக்கும், இரண்டின் குறிப்பும் ஊர் அலுவலகத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். போய்ச் சோதியுங்கள் என்று தூண்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. களைத்துப்போன ஒரு நிர்வாகி, சொல்லக்கூடாத இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

அவர் களைப்புக்குக் காரணங்களும் உண்டு. அங்கீகாரம் பெற்ற தனியார் சிறப்புப் பள்ளிகளின் கட்டணத்தை மாநில அரசுதான் நிர்ணயிக்கிறது. 2024 நிதியாண்டுக்கு அனுமதிக்கப்பட்ட உயர்வு 14 சதவீதம். அதற்கு முன் சில சதவீத உயர்வுகளுக்கே பழகியிருந்த ஊர்கள் ஆடிப்போயின. மத்திய அரசு 1975-இல் சிறப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகச் சொன்னது. அரை நூற்றாண்டு ஆகியும் ஒரு வருடம்கூட அந்த அளவைத் தொடவில்லை. 1980-இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த இரண்டரை சதவீத வரம்பு இருப்பதால், ஊர் தன் சொத்து வரியையும் இஷ்டப்படி ஏற்ற முடியாது. இத்தனைக்கும் நடுவே ஜனவரியில் ஒரு குடும்பம் குடிவந்தால் போதும், கணக்கு புரண்டுவிடும்.

இதெல்லாம் அவர்கள் கவலை. உங்கள் மகனுடைய ஐஇபி மேசையில் இதற்கு இடமில்லை.

"பணமில்லை" என்பது சட்டத்தின் முன் ஒரு பதிலா?

இல்லை. மத்தியச் சட்டப்படி, தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பொருத்தமான கல்வியைக் கட்டணமின்றித் தரவேண்டிய கடமை, ஊரின் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கு உண்டு. மாசசூசெட்ஸில் அது 3 வயதிலிருந்து 22 வரை. அந்தக் கடமைக்கு நிதியாண்டு கிடையாது. ஜூலை 1 என்பது கணக்குப் பிள்ளையின் புத்தாண்டு, உங்கள் மகனுடையது அல்ல.

1999-இல் அயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கே போனது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத, சுவாசக் கருவியோடு வாழ்ந்த ஒரு மாணவனுக்குப் பள்ளி நேரம் முழுவதும் கூடவே இருக்கும் செவிலியர் தேவைப்பட்டார். செலவு தாங்காது என்றது பள்ளி. செலவு பள்ளிக்கு ஒரு நியாயமான கவலை என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சேவை கொடுக்கப்பட வேண்டியதா என்பதை முடிவு செய்யும் அளவுகோலாக அதை ஏற்கவில்லை.

ஒரு தலைப்பில் பணம் தீர்ந்தால் ஊரே திவாலானதாகவும் பொருளில்லை. பட்ஜெட்டின் மொத்தத் தொகைக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஸ்கூல் கமிட்டிக்கு அதிகாரம் உண்டு. ஊரின் நிதிக் குழுவிடம் எதிர்பாராத செலவுக்கென்று தனி இருப்பு இருக்கும். அதுவும் போதாவிட்டால் சிறப்பு டவுன் மீட்டிங் கூட்டலாம். எந்தக் குழாயைத் திறப்பது என்று பார்ப்பது அவர்கள் வேலை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இதை மறைத்தால் உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுத்தவளாவேன். இரண்டு ஏற்பாடுகள் இருந்து, இரண்டுமே பிள்ளைக்குப் பொருந்தும் என்றால், குறைந்த செலவுள்ளதைப் பள்ளி தேர்ந்தெடுக்கலாம். அதனால் உங்கள் விவகாரத்தின் முடிச்சு ரிசர்வ் நிதியில் இல்லை. இப்போதைய வகுப்பு அவனுக்குப் பொருந்துகிறதா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

உங்கள் பக்கத்திலும் ஒரு தவறான எண்ணம்

"மிகச் சிறந்த பள்ளி அதுதான் என்று டாக்டரே எழுதியிருக்கிறார்" என்கிறீர்கள். அந்தச் சொற்றொடரைக் கூட்டத்தில் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு காலத்தில் இந்த மாநிலச் சட்டம் பிள்ளையின் அதிகபட்ச வளர்ச்சியை உறுதி செய்யச் சொன்னது. 2002-இலிருந்து அந்த வாசகம் இல்லை. மத்தியச் சட்டத்தின் 'பொருத்தமான கல்வி'தான் அளவு. பழைய பெற்றோர் சிலர் இன்னும் பழைய வாசகத்தையே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அதற்காக 'பொருத்தமான' என்பதை ஏதோ கொஞ்சம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017-இல் கொலராடோவிலிருந்து வந்த எண்ட்ரூ எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவை உயர்த்தியது. பிள்ளையின் நிலைமையை வைத்துப் பார்த்தால் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய முன்னேற்றத்தைத் தரும் விதமாகத் திட்டம் அமைய வேண்டும். பெயருக்கு ஒரு முன்னேற்றம் போதாது. அந்த வழக்கிலும் பெற்றோர் காட்டியது உங்களிடம் இருப்பது போன்ற காகிதங்களைத்தான்: வருடா வருடம் பெரிதாக மாறாத இலக்குகள், மோசமாகும் நடத்தை. உங்கள் மகனின் இரண்டு ஐஇபிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறாத இலக்குகளுக்கு மஞ்சள் மையால் கோடு போடுங்கள். பக்கம் பக்கமாகப் புகார் எழுதுவதைவிட அந்த இரண்டு காகிதங்கள் அதிகம் பேசும்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளையை இயன்ற வரை மற்றப் பிள்ளைகளோடு, ஊர்ப் பள்ளியிலேயே படிக்க வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். தனியார் சிறப்புப் பள்ளியில் உங்கள் மகன் ஆட்டிசம் இல்லாத ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்காமல் போகலாம். பள்ளியின் வழக்கறிஞர் முதலில் இதைத்தான் எடுப்பார். "இங்கேயே என்னென்ன கூடுதல் உதவி கொடுத்துப் பார்த்தார்கள், ஏன் பலிக்கவில்லை?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் அந்தப் பதில் அரைகுறையாகத்தான் இருக்கிறது. கையைக் கடிப்பதற்கும் ஓடுவதற்கும் காரணம் தேடும் நடத்தை மதிப்பீட்டை யாரும் செய்ததாகத் தெரியவில்லை. அதை நாளைக்கே எழுத்தில் கேளுங்கள். வழக்குக்கு உதவும் என்பதற்காக மட்டுமல்ல. பிள்ளை கையைக் கடித்துக்கொண்டிருக்கிறான், அதற்கு ஜூலை தெரியாது.

உங்கள் உளவியலாளர் பள்ளிக்குப் போய் வகுப்பைப் பார்த்தாரா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பார்க்காமல் எழுதிய அறிக்கைக்கு, விவகாரம் முற்றினால் விசாரிக்கும் மாநில அதிகாரிகளிடம் எடை குறைவு. இப்போதைய வகுப்பையும், பள்ளி முன்வைக்கும் வகுப்பையும் பெற்றோரோ அவர்கள் அனுப்பும் நிபுணரோ நேரில் பார்க்க மாநிலச் சட்டம் உரிமை தருகிறது. இரண்டு மணி நேரம் அவர் அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்து வந்தால், பதினைந்து பக்க அறிக்கைக்கு அப்போதுதான் உயிர் வரும்.

கையெழுத்துத் தாள்

ஐஇபி உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பலர் நினைப்பது போல ஒப்புக்கொள்வது, நிராகரிப்பது என்று இரண்டே வழிகள் இல்லை. ஒரு பகுதியை ஏற்று, ஒரு பகுதியை நிராகரிக்கலாம். உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். கூடுதல் பேச்சுப் பயிற்சியை ஏற்றுக்கொள்ளுங்கள், அது உடனே தொடங்க வேண்டும். மாறாத இலக்குகளையும், அதே வகுப்பில் வைத்திருக்கும் முடிவையும் நிராகரியுங்கள். நிராகரித்த பகுதி மாநிலத்தின் சிறப்புக் கல்வி மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் பள்ளி வழியாகவே தெரிவிக்கப்படும். அதனால் நீங்கள் வழக்குப் போட்டுவிட்டதாக ஆகாது. விவகாரம் தீரும் வரை, கடைசியாக நீங்கள் ஒப்புக்கொண்ட திட்டம் தொடரும். பிள்ளையை நடுத்தெருவில் விடமாட்டார்கள்.

அதோடு ஒரு மின்னஞ்சல். கோபம் வேண்டாம், நான்கு வரி போதும்: 'கூட்டத்தில் நாங்கள் கேட்ட வெளிப்பள்ளி ஏற்பாட்டை, வெளிப்பள்ளிக் கட்டணத் தலைப்பிலும் ரிசர்வ் நிதியிலும் பணம் இல்லாததால் ஜூலைக்குப் பிறகு பரிசீலிப்பதாகச் சொன்னீர்கள் என்று புரிந்துகொண்டோம். எங்கள் புரிதல் தவறு என்றால் திருத்துங்கள். மறுப்பதாக இருந்தால், மறுப்பின் காரணத்தையும், எந்த மதிப்பீடுகளை வைத்து முடிவெடுத்தீர்கள் என்பதையும் எழுத்தில் தாருங்கள்.' பெற்றோர் கேட்டதை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவது பள்ளியின் கடமை. பணமில்லை என்று எந்தப் பள்ளியும் எழுதிக் கொடுக்காது. எழுத உட்காரும்போதுதான் அவர்களுக்கே பிள்ளையின் தேவையைப் பற்றிப் பேசியாக வேண்டிய கட்டாயம் வரும். என் அனுபவத்தில், பாதி விவகாரங்கள் அந்த மின்னஞ்சலுக்கு வரும் பதிலிலேயே திசை திரும்பிவிடுகின்றன.

திரும்பாவிட்டால் அடுத்தது சமரசப் பேச்சு. மாநில அலுவலகமே நடுவரை அனுப்பும், கட்டணமில்லை, இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் நடக்கும். அதற்கும் மேலே முறையான விசாரணை. அங்கே, 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நிரூபிக்கும் பாரம் வழக்கைக் கொண்டுவருபவர் மேல். நீங்கள் கொண்டுவந்தால் உங்கள் மேல். வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தைப் பள்ளியிடம் கேட்கலாம். நிபுணர் கட்டணத்தைக் கேட்க முடியாது. அதற்குள் இறங்குவதற்கு முன் ஒரு முறையாவது சிறப்புக் கல்வி வழக்கறிஞர் ஒருவரிடம் எல்லாக் காகிதங்களையும் காட்டுங்கள். நான் உங்கள் கடிதத்தை மட்டும் பார்த்தவள். பாஸ்டனில் இருக்கும் 'ஃபெடரேஷன் ஃபார் சில்ட்ரன் வித் ஸ்பெஷல் நீட்ஸ்' அமைப்பில் பெற்றோருக்கு இலவச வழிகாட்டலும் கிடைக்கும்.

நாமே சேர்த்துவிட்டுப் பிறகு பணத்தைக் கேட்கலாமா?

கடிதத்தின் ஓரத்தில் இதையும் கேட்டிருக்கிறீர்கள். வழி இருக்கிறது. 1985-இல் இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பெற்றுத் தந்ததே உங்கள் மாநிலத்தின் பர்லிங்டன் ஊர் வழக்குதான். ஆனால் முதலில் உங்கள் பணம் போகும். பள்ளியின் திட்டம் பொருந்தாதது, நீங்கள் தேர்ந்தெடுத்த பள்ளி பொருந்துவது என்று இரண்டையும் பிறகு நிரூபிக்க வேண்டும். சேர்ப்பதற்கு 10 வேலை நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்காவிட்டால் தொகை குறையலாம், மறுக்கவும்படலாம். ஒரே சம்பளத்தில், விசாவை நம்பி இருக்கும் குடும்பம், சேமிப்பைத் துடைத்து இதில் இறங்குவதை இப்போதைக்கு நான் ஆதரிக்கமாட்டேன்.

வேறொரு பொறியும் வரலாம். பள்ளி சமாதானமாக, "கட்டணத்தில் ஒரு பகுதியை நாங்கள் தருகிறோம்" என்று ஒப்பந்தம் நீட்டும். கேட்க இனிப்பாக இருக்கும். உள்ளே, இத்தனை வருடத்துக்கு உரிமை கேட்க மாட்டோம் என்ற வரி இருக்கும். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பிள்ளை அதே பள்ளியில் தொடர்வதற்கு எந்தப் பிடிமானமும் இல்லாத ஏற்பாடாகவும் அது இருக்கலாம். எல்லா ஒப்பந்தமும் கெட்டதல்ல. சிலருக்கு அதுவே நல்ல தீர்வு. ஆனால் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞர் படித்தாக வேண்டிய தாள் அது.

இரண்டு டீச்சர் சம்பளம்

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த வரிக்கு வருகிறேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, ஆனால் கணக்கு தெரிந்தால் மனசு கொஞ்சம் அடங்கும். புரிவதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்வோம். பள்ளிக் கட்டணம் 1,30,000 டாலர். மாசசூசெட்ஸில் சர்க்யூட் பிரேக்கர் என்று ஒரு திட்டம் உண்டு. ஒரு மாணவருக்குத் தேவை என்று மாநிலம் கணக்கிடும் சராசரி அடிப்படைத் தொகையின் நான்கு மடங்கைத் தாண்டும் செலவில் 75 சதவீதம் வரை மாநிலம் ஊருக்குத் திருப்பித் தரும். அந்த நான்கு மடங்கைச் சுமார் 50,000 என்று வைத்தால், மிஞ்சும் 80,000-இல் 60,000 திரும்பி வரும். ஊருக்கு நிற்பது 70,000. 2019-இல் வந்த மாணவர் வாய்ப்புச் சட்டத்துக்குப் பிறகு வெளிப்பள்ளிக்கான வண்டிச் செலவும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. இப்போதே உங்கள் மகனுக்கு ஊர்ப் பள்ளியில் உதவியாளர், பேச்சுப் பயிற்சியாளர், தனி வகுப்பு என்று ஆகும் செலவை அதிலிருந்து கழியுங்கள். ஃபேஸ்புக்கில் எழுதியவர் எதையும் கழிக்கவில்லை.

ஆனால் அந்த 60,000 இந்த வருடம் வராது. இந்த வருடம் செய்த செலவுக்கு அடுத்த வருடம்தான் மாநிலம் தரும், அதுவும் சட்டமன்றம் ஒதுக்குவதைப் பொறுத்து. ஒரு பிள்ளை வெளிப்பள்ளிக்குப் போகும் முதல் வருடம் ஊர் முழுத் தொகையையும் தூக்கிச் சுமக்கிறது. ரிசர்வ் நிதி என்ற ஏற்பாடே பெரும்பாலும் இந்த ஒரு வருட இடைவெளியைத் தாண்டத்தான். அது நிறைந்திருந்தால் இசை டீச்சரையோ நூலகரையோ நடு வருடத்தில் தொடாமல் சமாளிக்கலாம். ஆக, மற்றப் பிள்ளைகளின் பங்கைக் காப்பாற்றுவதற்காகத்தான் அந்த நிதியே. உங்கள் மகன் கேட்பதால் பங்கு குறைவதில்லை. ஊர் முன்யோசனையில்லாமல் இருந்தால் குறையும்.

அதனால் மே மாதத் தீர்மானத்தை எதிரியாகப் பார்க்காதீர்கள். ஓட்டுப் போட வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும், உங்களுக்கு அது இல்லை. அனுமதி கேட்டுப் பேசலாம். சில ஊர்களில் கொடுப்பார்கள், சில ஊர்களில் மாட்டார்கள். பேசக் கிடைத்தாலும் உங்கள் மகனின் கதையைச் சொல்ல வேண்டாம். அவனுடைய பதிவுகள் ரகசியம் என்று சட்டம் காக்கிறது, அதை நாமே மைக்கில் திறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் சிறப்புக் கல்விப் பெற்றோர் ஆலோசனைக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். அதில் போய்ச் சேருங்கள். அங்கே உங்களைப் போலவே தூங்காத பத்துப் பேர் இருப்பார்கள், அவர்களில் ஓட்டுள்ளவர்களும் இருப்பார்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை: இது யாரும் போடும் பிச்சை இல்லை, பள்ளிக் கல்வி. பிள்ளையின் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே சொல்லிவிட்டது. வாடகை வீட்டில் இருந்தாலும் அந்த வாடகைக்குள் ஊரின் சொத்து வரி இருக்கிறது. விசா பற்றிய பயம் தனியாக இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும், ஐஇபி மேசையில் அந்தப் பயம் உட்கார வேண்டாம்.

வீடு மாறுவது

பணக்கார ஊரில் ரிசர்வ் நிதி கொழுத்திருக்கலாம், பள்ளியின் வழக்கறிஞரும் அப்படியே இருப்பார். இப்போது மாறினால் புது ஊர் இப்போதைய ஐஇபியைத்தான் கையில் எடுக்கும். அதில் இருப்பது அதே தனி வகுப்பு, அதே இலக்குகள். முதலிலிருந்து மதிப்பீடு, கூட்டம், காத்திருப்பு. ஒருவேளை ஐஇபியிலேயே தனியார் பள்ளி எழுதப்பட்டு அவன் அங்கே போய்க்கொண்டிருக்கும்போது நீங்கள் வேறு ஊருக்குப் போனால் விதி வேறு: அந்த நிதியாண்டின் மீதிக் கட்டணத்தைப் பழைய ஊரே கட்ட வேண்டும். ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு மாறினால் அடுத்த நிதியாண்டும் பழைய ஊர் தலையில்தான். புதிதாக வரும் பிள்ளையால் ஓர் ஊரின் பட்ஜெட் ஒரே நாளில் சாயாமல் இருக்க மாநிலம் போட்ட ஏற்பாடு அது. வேலைக்காகவோ வீட்டுக்காகவோ மாறுவது உங்கள் விருப்பம். பள்ளிக்காக என்றால், ஐஇபி திருந்திய பிறகு யோசியுங்கள்.

உங்கள் ஐஇபி உறையின் மேல் வந்த தேதியைப் பாருங்கள். அதிலிருந்து 30 நாளை எண்ணி காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, இன்றிரவே இரண்டு மின்னஞ்சல் அனுப்புங்கள்: நடத்தை மதிப்பீடு கேட்டு ஒன்று, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு இன்னொன்று. உளவியலாளரிடம் வகுப்பைப் பார்வையிட ஒரு நாளும் வாங்குங்கள். பள்ளியின் பதில் வந்ததும், பெயர்களை அடித்துவிட்டு அதன் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள், அடுத்ததை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.